பொத்தானைப் போட முடிகிறதா? கேர்ஷீல்டு பற்றி வாசகர்கள் கேட்டவை

இரண்டு இதழ்களுக்கு முன்பு, மருத்துவச் செலவுக்காக நம் பெயரில் சேரும் மெடிசேவ் கணக்கைப் பற்றி ஒருவருக்குப் பதில் எழுதியபோது, போகிற போக்கில் கேர்ஷீல்டு லைஃப் என்று ஒரு வரி சொல்லிவிட்டேன். அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடியாத அளவுக்குக் கடும் உடற்குறை வந்தால் மாதாமாதம் ரொக்கம் தரும் சிங்கப்பூர் அரசாங்கக் காப்புறுதி அது. அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக் கடிதங்களில் கோபம், மீதியில் குழப்பம், இரண்டு மூன்றில் உண்மையான அவசரம். அதனால் இந்த முறை பத்தி முழுவதும் இதற்கே.

கேள்வி: நான் 1976-இல் பிறந்தவன். கேர்ஷீல்டில் சேருகிறேன் என்று எங்கும் கையெழுத்துப் போட்ட நினைவில்லை. ஆனால் வருடாவருடம் மெடிசேவிலிருந்து பணம் பிடிக்கிறார்கள். யாரைக் கேட்டுப் பிடிக்கிறார்கள்?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: யாரையும் கேட்கவில்லை, கடிதம் மட்டும் போட்டார்கள். நம் வீடுகளில் அரசாங்கக் கடிதத்துக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும், பிரிக்காமலே குளிர்பதனப் பெட்டி மேல் வைத்துவிடுவோம், பிறகு அது தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போதுதான் கையில் கிடைக்கும்.

நடந்தது இதுதான். 1970-க்கும் 1979-க்கும் இடையில் பிறந்து, இதற்கு முந்தைய காப்புறுதியான எல்டர்ஷீல்டு 400 திட்டத்தில் இருந்து, கடும் உடற்குறை இல்லாதவர்களை 2021 டிசம்பர் 1-ஆம் தேதி தாமாகவே கேர்ஷீல்டுக்கு மாற்றிவிட்டார்கள். வேண்டாம் என்பவர்கள் 2023 இறுதிக்குள் சொல்லியிருந்தால் சந்தாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய திட்டத்துக்கே போயிருக்கலாம். அந்தக் கெடு முடிந்துவிட்டது.

முடிந்ததும் நல்லதற்குத்தான் என்பேன், நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. பழைய எல்டர்ஷீல்டு 400 மாதம் 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தரும், அதுவும் 72 மாதங்களுக்கு மட்டும். ஆறு வருடம் முடிந்த மறுமாதம் ஒரு காசு வராது. கேர்ஷீல்டில் உடற்குறை நீடிக்கும்வரை, தேவைப்பட்டால் ஆயுள் முழுக்க வரும். 2020-இல் மாதம் 600 வெள்ளி என்று தொடங்கினார்கள், ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடி 2025-இல் 662 ஆனது, 2026 முதல் ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று உயர்த்தியிருப்பதால் இந்த ஆண்டு 689. ஒன்றைக் கவனியுங்கள், வழங்குதொகை வாங்க ஆரம்பித்த ஆண்டில் என்ன தொகையோ அதே தொகைதான் கடைசிவரை. வருடாவருடம் கூடுவது இன்னும் கோராமல் இருப்பவர்களுக்கு. தொகை கூடுவதால் சந்தாவும் கூடுகிறது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் கட்டவேண்டியது 67 வயது வரை. மசேநி (மத்திய சேமநிதி) இணையத்தளத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளத்தைப் போட்டு நுழைந்தால் உங்கள் பெயரில் எந்தத் திட்டம் இருக்கிறது, சந்தா எவ்வளவு, யாருடைய மெடிசேவிலிருந்து போகிறது என்று எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் கடும் உடற்குறை வந்து வழங்குதொகை வாங்கத் தொடங்கினால் அந்தக் காலத்துக்குச் சந்தா கிடையாது.

கேள்வி: அக்கா, என் அம்மா 1963-இல் பிறந்தவர். எல்டர்ஷீல்டு 300-இல் இருக்கிறார். இருபது வருடமாகச் சர்க்கரை, முழங்கால் வலி, வெளியே போனால் கைத்தடி வேண்டும். கேர்ஷீல்டுக்கு மாற்றலாம் என்று பார்த்தால், சர்க்கரை இருப்பவர்களை எடுக்கமாட்டார்கள் என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். உண்மையா?
– ஈசூன் வாசகி

பதில்: இல்லை. உடன் வேலை செய்பவர் தனியார் காப்புறுதியையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். 1979 அல்லது அதற்கு முன் பிறந்தவர்களுக்கு இது கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால் சேரலாம், 2021 நவம்பர் முதல் அவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. ஒரே தடை, விண்ணப்பிக்கும்போது கடும் உடற்குறை இருக்கக்கூடாது. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருப்பது கடும் உடற்குறை அல்ல. கைத்தடியும் அல்ல. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள், இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்.

இனி பணம். 59 வயதிலோ அதற்குப் பிறகோ சேர்பவர்கள் பத்தாண்டுகள் சந்தா கட்டவேண்டும். முப்பது வயதில் சேர்பவரைவிட இவருக்கு ஆண்டுச் சந்தா கூடுதலாகத்தான் இருக்கும், அவர் 67 வயது வரை பிரித்துக் கட்டுவதை இவர் பத்து வருடத்தில் கட்டுகிறார் அல்லவா. அது போக, எல்டர்ஷீல்டு 300-இல் இருந்தவர்களும் எந்தத் திட்டத்திலும் இல்லாமல் இருந்தவர்களும், விட்டுப்போனதை ஈடுகட்ட இன்னொரு தொகை சேர்த்துக் கட்டவேண்டும், அதையும் பத்தாண்டுக்குப் பரப்பிவிடுகிறார்கள். அம்மா எல்டர்ஷீல்டுக்கு இதுவரை கட்டியதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பம் என்றால் 30 விழுக்காடு வரை மானியம் உண்டு. அம்மாவின் மெடிசேவில் போதவில்லை என்றால் உங்கள் மெடிசேவிலிருந்து கட்டலாம், ரொக்கமாக எடுத்துவைக்கத் தேவையில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சேர்த்துவிடுவேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல, மசேநி தளத்தில் அம்மாவின் சிங்பாஸைக் கொண்டு அவருக்கான சந்தா எவ்வளவு என்று முதலில் பாருங்கள், அதைப் பத்தால் பெருக்குங்கள், அந்தத் தொகை போனால் அம்மாவின் மருத்துவமனைச் செலவுக்கு மெடிசேவில் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். மிஞ்சும் என்றால் அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். சர்க்கரை உள்ள காலில் ஒரு புண், குளியலறையில் ஒரு சறுக்கல், அவ்வளவுதான், விண்ணப்பிக்கும் தகுதியே போய்விடலாம்.

கேள்வி: என் தந்தை 1955-இல் பிறந்தவர். எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஓரளவு திரும்பியிருக்கிறது. பணிப்பெண்ணும் அம்மாவும் சேர்ந்துதான் எல்லாம் செய்கிறார்கள். இப்போது அவரைக் கேர்ஷீல்டில் சேர்க்க முடியுமா? என் தம்பி முடியாது என்கிறான். பழைய திட்டம் ஏதோ இருந்ததாக அம்மா சொல்கிறார், ஆனால் சந்தா நின்று பல வருடம் ஆகிவிட்டது, அது காலாவதி ஆகியிருக்கும்.
– பெயர் வேண்டாம், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தம்பி சொல்வது சரி, நீங்கள் சொல்கிற நிலையில் இருப்பவரைப் புதிதாகக் கேர்ஷீல்டில் சேர்க்க முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்குப் பதறியது. காலாவதி ஆகவில்லை! எல்டர்ஷீல்டின் சந்தா 65 வயதோடு நிற்கும், பாதுகாப்பு நிற்காது, அது ஆயுளுக்கும் உண்டு. சந்தா நின்றால் திட்டமும் முடிந்தது என்று நினைத்து, கைக்கு வரவேண்டிய பணத்தை வாங்காமல் விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

2002 செப்டம்பரில் எல்டர்ஷீல்டு தொடங்கியபோது நாற்பது முதல் அறுபத்தொன்பது வயது வரை இருந்தவர்களைத் தாமாகச் சேர்த்தார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும் வெளியே. உங்கள் தந்தைக்கு அப்போது நாற்பத்தேழு. எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதுதான் இப்போது கண்டுபிடிக்கவேண்டியது. அந்தக் காலத்தில் தனியார் நிறுவனங்கள் இதை நடத்தின, எந்த நிறுவனம் என்று யாருக்கும் நினைவிருக்காது, கவலைப்படாதீர்கள், 2021 நவம்பரில் அரசாங்கமே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. மசேநி தளத்தில் பார்த்தாலே தெரியும். இருந்தால், 300 திட்டமோ 400 திட்டமோ, மாதம் 300 வெள்ளி ஐந்து வருடத்துக்கு அல்லது 400 வெள்ளி ஆறு வருடத்துக்கு.

இப்போது மதிப்பீடு. இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நாம் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறோம், ‘டாக்டர், இவருக்கு ஸ்ட்ரோக், சர்க்கரை, இதயத்தில் அடைப்பு’ என்று பட்டியல் போடுகிறோம். அவர்களுக்கு அது வேண்டாம். ஆறு வேலைகள் இருக்கின்றன: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, சமதளத்தில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நகர்வது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாறுவது. இவற்றில் மூன்றையாவது, எந்தக் கருவியை வைத்துக்கொண்டாலும், இன்னொருவர் கைகொடுக்காமல் செய்ய முடியாது என்றால் அது கடும் உடற்குறை. எல்டர்ஷீல்டுக்கும் கேர்ஷீல்டுக்கும் இதே அளவுகோல்தான்.

ஒவ்வொன்றுக்கும் நுணுக்கமான பொருள் உண்டு. சாப்பிடுவது என்றால் சமைத்து முன்னால் வைத்த உணவை வாய்க்குக் கொண்டுபோவது, சமைக்க முடியவில்லை என்பது கணக்கில் வராது. நகர்வது என்றால் வீட்டுக்குள் சமதளத்தில், மாடிப்படி ஏற முடியவில்லை என்பதும் வராது. டயப்பரைத் தானே மாற்றிக் கழுவிக்கொள்கிறவர் கழிவறை வேலையைச் செய்துகொள்கிறவராகத்தான் கருதப்படுவார். உடுத்துவது என்றால் போடுவது மட்டுமல்ல, கழற்றுவது, பொத்தான், ஜிப், கால் அல்லது முதுகுக்குப் பட்டை இருந்தால் அதுவும்.

என் மாமியாருக்கு 2013-இல் இப்படித்தான் ஆனது. இடுப்பெலும்பு முறிந்து, அதற்குச் சிகிச்சை நடக்கும்போதே ஒரு சிறு பக்கவாதம். எல்டர்ஷீல்டு 300 இருந்தது. வீட்டுக்கு மருத்துவர் வருகிறார் என்று முதல் நாளே தெரிந்ததும் மாமியார் விடியற்காலையிலேயே பணிப்பெண்ணை எழுப்பித் தலைக்குக் குளிப்பாட்டச் சொல்லி, கஞ்சி போட்ட சேலை உடுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வந்தவர் வயதான சீன மருத்துவர், மாமியாரிடம் மலாயில் கேட்டார். போலே ஜாலான்? நடக்க முடியுமா? மாமியார், ‘போலே!’ மண்டி போலே? குளிக்க? ‘போலே, போலே!’ ஆறு கேள்விக்கும் போலே. நான் சமையலறை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். விருந்தாளி முன்னால் முடியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லாத தலைமுறை.

நல்லவேளை, வந்தவர் அனுபவசாலி. மாமியார் மேல் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் காட்டி, இதைக் கழற்றி மறுபடி போடுங்கள் பாட்டி என்றார். இடக்கை உயரவில்லை. வலக்கையால் மேல் பொத்தானைத் திருகித் திருகிப் பார்த்தார், பொத்தான் துளைக்குள் பாதி போய் வழுக்கி வெளியே வந்தது, மறுபடி, மறுபடி. நான்கைந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு மாமியார் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருத்துவரே குனிந்து பொத்தானைப் போட்டுவிட்டார். அப்புறம் எழுதத் தொடங்கினார்.

எல்லா மதிப்பீட்டாளரும் அப்படிப் பொறுமையாக இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால், உங்கள் தந்தையைத் தினமும் குளிப்பாட்டித் தூக்கி உட்காரவைப்பவர் யாரோ, அம்மாவோ பணிப்பெண்ணோ, அவர் அன்றைக்குக் கட்டாயம் கூட இருக்கவேண்டும். அலுவலகத்திலிருந்து அரை நாள் விடுப்பெடுத்து வரும் மகனுக்குத் தெரியாத விவரம் அவருக்குத்தான் தெரியும். ஒரு வாரம் முன்பிருந்தே எழுதி வையுங்கள், காலையில் கட்டிலிலிருந்து எழுப்ப எத்தனை பேர், சாப்பாட்டை ஊட்டுகிறோமா பிசைந்து மட்டும் வைக்கிறோமா, இரவில் எத்தனை முறை. மிகைப்படுத்தச் சொல்லவில்லை. அப்பா ‘நானே செய்துகொள்வேன்’ என்று சொன்னால் அவரை எல்லார் முன்னாலும் மறுத்துப் பேசாமல், செய்து காட்டுங்கள் அப்பா என்று விட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாக. இணையத்திலேயே செய்யலாம், முடியாவிட்டால் 1800-650-6060 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். மதிப்பீடு சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளரிடம், கிளினிக்கில் என்றால் 100 வெள்ளி, வீட்டுக்கு வரவேண்டும் என்றால் 250. முதல் மதிப்பீட்டுக்குக் கட்டணத் தள்ளுபடி உங்களுக்குப் பொருந்துமா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். மருத்துவமனையில் ஏற்கெனவே உடலியக்க அறிக்கை எழுதியிருந்தால் அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை 2002-இல் அப்பா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால்? அப்போதும் எல்லாம் போய்விடவில்லை. மெடிசேவ் கேர் என்று ஒன்று இருக்கிறது, கடும் உடற்குறை உள்ளவர் தம் மெடிசேவிலிருந்தோ துணைவருடையதிலிருந்தோ மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம். கணக்கில் இருக்கும் தொகையைப் பொறுத்து அளவு மாறும்: 20,000-க்கு மேல் இருந்தால் முழு 200, குறையக் குறைய 150, 100, 50, கடைசியாக 5,000-ஐத் தொடவிடமாட்டார்கள். மெடிசேவிலும் பெரிதாக இல்லை, குடும்ப வருமானமும் குறைவு, வேறு திட்டமும் கிடையாது என்ற சிங்கப்பூரருக்கு எல்டர்ஃபண்ட், மாதம் 250 வெள்ளி வரை. எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இல்லப் பராமரிப்பு மானியத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள், 2023 மார்ச் முதல் மாதம் 250-இலிருந்து 400 வரை இருந்தது, 2026 ஏப்ரலிலிருந்து 600 வரை. அது குடும்ப வருமானத்தைப் பார்த்து. பணிப்பெண்ணுக்கு மாதம் 300 வெள்ளி தீர்வை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அதையும் கேளுங்கள், உடற்குறை உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு 60 வெள்ளிதான். ஒரே மதிப்பீட்டை இந்தத் திட்டங்களில் பலவற்றுக்கும் பயன்படுத்தலாம், ஒவ்வொன்றுக்கும் அப்பாவை வாகனத்தில் ஏற்றி இறக்கவேண்டாம்.

என் மாமியாருக்கு 300 வெள்ளி வந்தது, அறுபது மாதம் வந்தது, 2018-இல் நின்றது. மொத்தம் 18,000 வெள்ளி. அதற்குப் பிறகும் மூன்று வருடம் இருந்தார். முன்னோடித் தலைமுறை என்பதால் மாதம் 100 வெள்ளி உதவி மட்டும் கடைசிவரை வந்துகொண்டிருந்தது. 1949 முடியுமுன் பிறந்து, 1986 முடியுமுன் குடியுரிமை பெற்ற பெரியவர் வேறு யாராவது உங்கள் வீட்டில் படுக்கையில் இருந்தால் இதையும் கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: நான் நிரந்தரவாசி. அடுத்த ஆண்டு முப்பது வயது. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறேன், உடற்பயிற்சிக்கூடம் போகிறேன். கேர்ஷீல்டு எனக்கு வேண்டாம் என்று எப்படி எழுதிக் கொடுப்பது?
– பொங்கோல் வாசகர்

பதில்: எழுதிக் கொடுக்க முடியாது தம்பி. 1980 அல்லது அதற்குப் பின் பிறந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முப்பது வயதானதும் சேர்ந்தே ஆகவேண்டும், ஏற்கெனவே நோயோ உடற்குறையோ இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். பிறவியிலேயே நடக்க முடியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியார் நிறுவனங்களின் படியேறி இறங்கிய பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், இந்த ‘கட்டாயம்’ என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று சொல்வார்கள். 2020-இல் முப்பது வயதுக்காரர்களுக்குச் சந்தா ஆணுக்கு 206 வெள்ளி, பெண்ணுக்கு 253, ஒரு வருடத்துக்கு. அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. உங்கள் உடற்பயிற்சிக்கூடத்துக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள்?

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது, முதுமைமறதி. நடக்கிறார், நன்றாகவே நடக்கிறார், அதுதான் பிரச்சினையே, கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார். குளி என்றால் குளிப்பார், சொல்லாவிட்டால் நான்கு நாளானாலும் குளிக்கமாட்டார். எல்டர்ஷீல்டு கிடைக்குமா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்போது கிடைப்பது கடினம். இந்தத் திட்டத்தின் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். இன்னொருவரின் உடலுதவி தேவையா என்றுதான் அளவுகோல் கேட்கிறது, நினைவூட்டுவதையும் இருபத்துநான்கு மணி நேரமும் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருப்பதையும் அது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வதைவிட ஓடிக்கொண்டே இருப்பவரைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு பாடு என்பதை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

ஆனால் இல்லப் பராமரிப்பு மானியத்தின் அளவுகோல் சற்று இளக்கமானது, மூன்று வேலைகளுக்கு எப்போதும் ஓரளவு உதவி தேவைப்படும் நிலை என்றாலே போதும். அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். மறதி முற்றினால் உடுத்தத் தெரியாமல், கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் போகும். அப்போது எல்டர்ஷீல்டுக்கு மறுபடி மதிப்பீடு கேளுங்கள், ஒருமுறை இல்லை என்றால் எப்போதும் இல்லை என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அம்மாவுக்கு இன்னும் சொல்வது புரிகிறது, முடிவெடுக்க முடிகிறது என்றால் லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி பத்திரத்தை, அதாவது பின்னால் தமக்குப் பதிலாக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரத்தை, இந்த மாதமே செய்துவிடுங்கள். புரியாத நிலைக்குப் போனபின் செய்ய முடியாது, பிறகு அவர் பெயரில் வங்கியில் ஒரு வேலை ஆகவேண்டும் என்றாலும் நீதிமன்றம் போகவேண்டியிருக்கும்.

கேள்வி: காப்புறுதி முகவர் ஒருவர், கேர்ஷீல்டு தருவது போதாது, மேலே ஒரு துணைத் திட்டம் வாங்கவேண்டும் என்று விடாமல் அழைக்கிறார். வயது 44.
– செங்காங் வாசகர்

பதில்: போதாது என்று அவர் சொல்வது பொய்யில்லை. 689 வெள்ளியில் பணிப்பெண்ணின் சம்பளமே ஆகாது. துணைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 600 வெள்ளி வரை மெடிசேவிலிருந்து கட்டலாம், அதற்கு மேல் போனால் கைக்காசு. சில திட்டங்கள் ஒன்றிரண்டு வேலைகள் முடியாமல் போனாலே பணம் தருகின்றன, அது நிஜமான பயன். ஆனால் இது தனியார் காப்புறுதி, உடல்நிலையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். வேறு காப்புறுதி, சேமிப்பு ஒன்றும் இல்லாமல் பிள்ளைகளும் சின்னவர்கள் என்றால் யோசியுங்கள். முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எத்தனை வயது வரை கட்டவேண்டும், அப்போது ரொக்கமாக எவ்வளவு? பதில் வாய்வார்த்தையாக வந்தால் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்றதும் ஊரோடு போய்த் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்துவிடலாம் என்று இருக்கிறேன். அங்கே போய் உடம்புக்கு முடியாமல் போனால் கேர்ஷீல்டு பணம் வருமா?
– அங் மோ கியோ வாசகர்

பதில்: வரும். வெளிநாட்டில் இருந்தாலும் கோரலாம், சந்தா பாக்கி இருந்தால் அங்கிருந்தும் கட்டிக்கொண்டுதான் இருக்கவேண்டும். குடியுரிமையையோ நிரந்தரவாசத்தையோ விட்டுவிட்டால் பாதுகாப்பும் போய்விடும். போவதற்கு முன் ஏஐசியிடம் வெளிநாட்டிலிருந்து மதிப்பீடு எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை உங்களிடம் வைத்துக்கொள்ளாமல் இங்கே இருக்கும் மகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், தேவைப்படும் நாளில் தேடி எடுக்கப்போவது நீங்கள் இல்லை.